ஒரு குறளும் ஒரு மாணவனும்: இலக்கியம் காட்டும் அச்சம் வகுப்பறையில் என்ன செய்தது

பின்னணி

இது ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் பதினொன்றாம் வகுப்பில் நடந்தது. ஊர் வட மாவட்டம் ஒன்றில் இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில்களும் பாரதப் பிரசங்கமும் கூத்தும் இன்னும் விடாமல் நடக்கும் பகுதி. வகுப்பில் 42 பேர்: 23 மாணவர்கள், 19 மாணவிகள். நான் அவர்களுக்குத் தமிழாசிரியர். சம்பந்தப்பட்ட மாணவன், அவன் தாய் இருவரிடமும் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

மாணவனுக்கு வயது 16. எழுத்தில் கெட்டிக்காரன். செய்யுளை ஒருமுறை சொன்னால் சீர் பிரித்து எழுதிவிடுவான். ஆனால் எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் குரல் வராது. மெல்லிய குரல்தான், அதுவும் நாலு பேர் திரும்பிப் பார்த்தால் அடங்கிவிடும். பத்தாம் வகுப்பு வரை வேறு பள்ளியில் படித்தவன். இங்கே அவனுக்குப் பழைய நண்பர்கள் கிடையாது.

ஆகஸ்டில் இலக்கிய மன்றப் பேச்சுப் போட்டி வரவிருந்தது. அதற்கு முன்னோட்டமாக ஜூலைக் கடைசியில் திருக்குறளின் 73ஆம் அதிகாரமான அவையஞ்சாமையை எடுத்து நடத்தினேன். அப்போது நடத்தவேண்டிய பாடப்பகுதியில் அது இல்லை. பிள்ளைகளுக்குத் துணிச்சல் வரட்டும் என்று நானாகச் சேர்த்துக்கொண்டது.

அந்த வகுப்பு

பத்துக் குறளையும் ஒரே பாடவேளையில் முடிக்கப் பார்த்தேன். இந்த அதிகாரத்தை ஒரே மூச்சில் படித்தால் ஏச்சு போலவே கேட்கும் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. அவைக்கு அஞ்சுகிறவனுக்கு நூலால் என்ன பயன் என்கிறது 726. பல நூல் கற்றும் பயனில்லாதவர் என்கிறது 728. கல்லாதவரை விடக் கடைப்பட்டவர் என்கிறது 729. உயிரோடு இருந்தாலும் இல்லாதவருக்குச் சமம் என்று முடிக்கிறது 730. இவற்றுக்கு நடுவில் 727:

பகையகத்துப் பேடிகை ஒள்வாள் அவையகத்து
அஞ்சு மவன்கற்ற நூல்.

போர்க்களத்தில் பேடியின் கையில் இருக்கும் பளபளப்பான வாள் எப்படியோ, அப்படித்தான் சபைக்கு அஞ்சுகிறவன் படித்த படிப்பு. பொருள் சொல்லி முடித்ததும், யாராவது இந்த உவமையை விளக்குங்கள் என்றேன். அவன் நன்றாக எழுதுகிறவன் என்பதால் அவனையே எழுப்பினேன்.

அவன் எழுந்து நின்றான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் "பேடிகை ஒள்வாள்" என்று இழுத்துச் சொன்னது. வகுப்பே சிரித்தது. நான் அதட்டினேன், சிரிப்பு நின்றது. மணி அடித்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. ஒரு நிமிடம்கூட இருக்காது.

அடுத்த பத்து நாட்களில் கவனித்தவை

மறுநாளிலிருந்து அவனுக்கு 'ஒள்வாள்' என்று பெயர் விழுந்துவிட்டது. ஆசிரியர் காதில் விழுந்தாலும் குறள் சொல்கிறோம் என்று தப்பிக்கக்கூடிய பெயர். ஆசிரியர் இல்லாத இடத்தில் அந்தக் குறளில் வரும் 'பேடி' என்ற சொல்லையே சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பத்து நாளில் அவன் மூன்று நாள் வரவில்லை. வந்த நாட்களில் சாப்பாட்டு நேரத்தில் வகுப்பை விட்டு வெளியே போகவில்லை. கட்டுரை நோட்டில் எப்போதும் இரண்டு பக்கம் எழுதுகிறவன், அரைப் பக்கத்தோடு நிறுத்தியிருந்தான்.

இதைப் பார்த்ததும் நான் செய்த முதல் காரியம் தவறானது. அவனை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டு, "நீ பேச்சுப் போட்டியில் கலந்துக்கோ தம்பி, எல்லார் வாயும் மூடிடும்" என்றேன். தைரியம் கொடுக்கிறோம் என்றுதான் நினைத்தேன். அங்கே மற்ற ஆசிரியர்கள் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களும் ஆளுக்கொரு அறிவுரை சொன்னார்கள். சபையைக் கண்டு பயப்படுகிறவனுக்கு இன்னொரு சபையைக் கூட்டி அறிவுரை சொல்லியிருக்கிறோம். மறுநாளும் அவன் வரவில்லை.

அவன் தாய் வந்து பார்த்தார். "படிக்கிற பையன்தான் சார். வீட்ல நல்லாப் பேசுவான். நாலு பேர் முன்னாடி நின்னா வேர்த்துடும்" என்றார். குறை சொல்லும் தொனியே இல்லை. எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

இரண்டாவது காரியம், பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்த மாணவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டித்தது. அவன் மரியாதையாகத்தான் நின்றான். ஆனால் அவன் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "குறள்லயே அப்படித்தானே இருக்கு ஐயா?"

நூல்களிடம் திரும்பியது

அந்தக் கேள்வியோடுதான் இரண்டு வாரம் இருந்தேன். வள்ளுவர் அந்தச் சொல்லை இழிவான உவமையாகத்தான் வைத்திருக்கிறார். உரைகளைக் காட்டி அதை மழுப்ப முடியாது, மழுப்பவும் நான் விரும்பவில்லை. ஆனால் நம் இலக்கியம் அச்சத்தைப் பற்றிச் சொன்னது அது மட்டும்தானா என்று தேடினேன். இத்தனை ஆண்டு பாடம் நடத்தியும் இந்தக் கோணத்தில் ஒருமுறைகூடத் தேடியதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதலில் கண்ணில் பட்டது, அந்த அதிகாரம் இருக்கும் இடம். அது பொருட்பாலில் அமைச்சியலின் கடைசி அதிகாரம். அரசன் முன்னும் வேற்றரசர் அவையிலும் நின்று நாட்டுக்காகப் பேச வேண்டிய அமைச்சனுக்குச் சொன்ன கண்டிப்பு. வாயடைத்து நின்றால் நாட்டுக்குக் கேடு வரும் என்ற நிலையில் இருப்பவனுக்கு அந்தச் சூடு தேவைதான். அதை எடுத்துப் பதினாறு வயதுப் பையன் மேல் போட்டது நான்.

அடுத்து, அதே அதிகாரத்தில் நான் வேகமாகக் கடந்து போன 723:

பகையகத்துச் சாவார் எளியர் அரியர்
அவையகத்து அஞ்சா தவர்.

போர்க்களத்தில் சாகத் துணிந்தவர்கள் எளிதில் கிடைப்பார்கள், சபையில் அஞ்சாதவர்கள்தான் அரிது. வாள்வீச்சுக்கு முன் நிற்கிறவனுக்கும் சபையில் கை நடுங்கும் என்று வள்ளுவரே சொல்லிவிடுகிறார். 727ஐ இதற்குப் பிறகு படித்தால் வேறு மாதிரி கேட்கிறது. 43ஆம் அதிகாரத்துக்குப் போனால், அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பது பேதைமை, அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதே அறிவுடையவர் செயல் என்கிறது 428. ஆக, வள்ளுவரிடம் அச்சம் என்பது ஒரே சரக்கல்ல.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் அச்சத்தை எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக வைக்கிறது. நகை, அழுகை, உவகை போல அதுவும் மனிதருக்கு வருவது. அது பிறக்கும் இடம் நான்கு என்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இந்த நான்காவதில் நின்றுவிட்டேன். தம் இறை என்றால் தன்னை ஆளுகிறவன். அரசனைத்தான் சொன்னார்கள், ஆனால் அப்பா, வாத்தியார் என்று யார் வேண்டுமானாலும் அங்கே வந்து உட்காரலாம். பெருமிதம் பிறக்கும் இடங்களாகவும் நான்கைச் சொல்கிறது. அதில் முதலாவது கல்வி, வீரத்தைக் குறிக்கும் தறுகண் அதற்குப் பிறகுதான்.

அகப்பாடல் மரபில் தலைவனே தயங்கி நிற்பான். தோழியிடம் மனத்தில் உள்ளதைச் சொல்ல வாய் வராமல், கையில் தழையை வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் யானை ஒன்று வந்ததா என்று கேட்பான். மான் வந்ததா, இது எந்த ஊர், உங்கள் பெயர் என்ன என்று சுற்றிச் சுற்றி வருவான். திருக்கோவையாரில் இதற்கு வேழம் வினாதல், கலைமான் வினாதல், வழி வினாதல் என்று தனித்தனித் துறையே உண்டு. புலி வேட்டைக்குப் போகிறவன்தான் அப்படித் தடுமாறுகிறான். நம் புலவர்கள் அவனை ஏசவில்லை. வாசகனை லேசாகப் புன்னகைக்க வைத்துவிட்டு, தோழியை விட்டு அவனுக்கு வழி திறந்து விடுகிறார்கள்.

கடைசியாக அகப்பட்டது மணிமேகலை. மலர்வனம் போகும் மணிமேகலையைப் புகார் வீதியில் கூட்டம் சூழ்ந்துகொண்டு வேடிக்கை பார்க்கிறது. அதற்குச் சாத்தனார் சொல்லும் உவமை:

விராடன் பேரூர் விசயனாம் பேடியைக்
காணிய சூழ்ந்த கம்பலை மாக்களின்

விராட நகரத்தில் அருச்சுனன் என்ற பேடியைப் பார்க்கச் சூழ்ந்த இரைச்சல் கூட்டத்தைப் போல. இங்கேயும் அதே சொல்தான், ஆனால் அதற்கு உரியவன் காண்டீபம் ஏந்தும் அருச்சுனன். இழிவு இருந்தால் அது சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிற கூட்டத்தின் பக்கம் இருக்கிறது. பின்வரிசை மாணவனுக்கு என் பதில் இதுதான் என்று அன்று இரவு முடிவு செய்தேன்.

உத்தரன்

ஆகஸ்ட் நடுவில் ஒரு நாள் எல்லோருக்கும் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தேன். பேர் எழுத வேண்டாம். நீங்கள் கேட்ட, படித்த கதைகளில் பயந்தவர் ஒருவர் பெயரை எழுதி, அவரைப் பற்றி ஒரு வரி சேருங்கள் என்றேன். பலர் சினிமா நகைச்சுவைப் பாத்திரங்களை எழுதியிருந்தார்கள். ஒரு சீட்டில் மட்டும், எனக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்தில், "உத்தரன். ஆனா அவன் கடைசியில பொய் சொல்லல" என்று இருந்தது.

அந்த மாணவனின் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் ஆண்டுதோறும் பாரதம் படிப்பார்கள். பாட்டியோடு போய்ப் பகல் பிரசங்கம் முழுக்கக் கேட்கிறவன் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

உத்தரன் விராட மன்னனின் மகன். வில்லிபாரதத்தில் நிரை மீட்சிச் சருக்கத்தில் வருகிறான். தந்தை வேறு பக்கம் போருக்குப் போயிருக்கும் நேரத்தில் கௌரவர்கள் பசுக்களைக் கவர்ந்து போகிறார்கள். அந்தப்புரத்தில் பெண்கள் நடுவில், தேரோட்ட ஆள் இருந்தால் போதும், நான் போய் வென்று வருவேன் என்கிறான். நடனம் கற்பிக்கும் பேடியாக மறைந்து வாழும் அருச்சுனன் தேரோட்ட வருகிறான். சேனையைப் பார்த்ததும் உத்தரன் தேரிலிருந்து குதித்து ஓடுகிறான். பாரதக் கதையில் இது சிரிப்புக்கு உரிய இடம், பிரசங்கியும் இங்கே சிரிக்க வைக்காமல் விடமாட்டார்.

அதற்குப் பிறகு அருச்சுனன் செய்வதுதான் எனக்கு வழி காட்டியது. துரத்திப் பிடிக்கிறான், ஆனால் கையில் வில்லைத் திணிக்கவில்லை. வீட்டுக்குப் போ என்று அனுப்பியும் விடவில்லை. நான் சண்டை போடுகிறேன், நீ தேரை ஓட்டு என்கிறான். வன்னி மரத்தில் மறைத்து வைத்த ஆயுதங்களை அவனையே ஏறி எடுக்கச் சொல்கிறான். ஓடியவன் போர்க்களத்தின் நடுவிலேயே இருக்கிறான், ஆனால் அவனால் தாங்கக்கூடிய வேலையோடு இருக்கிறான். வெற்றி கிடைத்து ஊர் திரும்பியதும் தந்தை புகழ்கிறார். வென்றது நானல்ல என்று சபையில் சொல்கிறான் உத்தரன். சேனையைப் பார்த்து ஓடியவன், தந்தையும் ஊரும் கொண்டாடும் நேரத்தில் அந்தப் புகழை மறுக்கிறான். மாணவன் ஒரு வரியில் எழுதியிருந்தது இதைத்தான்.

குருட்சேத்திரத்தில் முதல் நாள் போரிலேயே சல்லியனை எதிர்த்து உத்தரன் இறக்கிறான். அதை நான் வகுப்பில் சொல்லவில்லை. பயம் போனதற்குச் சான்றாகச் சாவைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, அதே அதிகாரத்தை மறுபடி நடத்துவது. அப்படியே விட்டால் 727தான் அவர்கள் மனத்தில் நிற்கும். இரண்டு பாடவேளை எடுத்துக்கொண்டேன். முதல் முறை நான் நடத்தியதில் பிழை இருந்தது என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். பிறகு மணிமேகலை வரிகளைக் கரும்பலகையில் எழுதி, இதில் யாரைப் பார்த்து நமக்குக் கூச்சம் வர வேண்டும் என்று கேட்டேன். வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பிறந்த பால் அடையாளத்திலிருந்து மாறுபட்டு வாழ்கிறவர்களை அக்காலம் அழைத்த சொல் அது, இன்று திருநங்கை, திருநம்பி என்று மதிப்போடு சொல்கிறோம், அதை ஏச்சாக்கினால் யாரையெல்லாம் ஏசுகிறோம் என்பதையும் பேசினோம். துண்டுச் சீட்டு யாருடையது என்பதைச் சொல்லாமல் உத்தரன் கதையையும் நடத்தினேன்.

இரண்டாவது, பேச்சுப் பயிற்சியை நால்வர் குழுவாக மாற்றியது. ஒருவர் செய்யுள் தேர்வு செய்வார், ஒருவர் குறிப்பு எழுதுவார், ஒருவர் பேசுவார், பேசுகிறவர் தடுமாறினால் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுப்பவர் ஒருவர். எந்த வேலை என்பதை அவரவரே தேர்ந்தெடுக்கலாம். கடைசி வேலைக்குப் பிள்ளைகளே 'தேரோட்டி' என்று பெயர் வைத்தார்கள். அவன் அதைத்தான் எடுத்தான்.

மூன்றாவது, அவையடக்கம். காப்பியத்தைத் தொடங்கும் முன் புலவன் சபையிடம் தன் எளிமையைச் சொல்லிக்கொள்ளும் மரபு நமக்கு இருக்கிறது. இத்தனை பெரிய கம்பன், ஒலிக்கும் பாற்கடலைப் பூனை ஒன்று முழுவதும் நக்கிக் குடிக்கப் புகுந்தது போல இராமன் கதையைச் சொல்ல வந்தேன் என்கிறான்.

ஓசை பெற்றுயர் பாற்கடல் உற்றொரு
பூசை முற்றவும் நக்குபு புக்கென

இது மரபுக்காகச் சொன்னது, கம்பனுக்கு உண்மையில் பயம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பயத்தை மறைக்காமல் முதல் வரியிலேயே சபை முன் வைத்துவிடலாம் என்று அந்த மரபு அனுமதிக்கிறது. அதனால் யார் பேசினாலும் முதலில் தன் சொந்த அவையடக்கம் இரண்டு வரி சொல்ல வேண்டும் என்று வைத்தேன். நன்றாகப் பேசுகிறவர்களும் சொல்ல வேண்டும். கூச்சம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்தால் அது இன்னொரு முத்திரையாகியிருக்கும்.

பின்னர் நடந்தது

செப்டம்பரில் அவன் குழுவில் ஒரு மாணவி பேசினாள். அவன் பக்கத்தில் சீட்டுகளோடு உட்கார்ந்திருந்தான். அவள் இரண்டு இடத்தில் நின்றபோது மெல்ல எடுத்துக் கொடுத்தான். அந்தக் குரல் முன்வரிசைக்குக் கேட்டது. யாரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நானும் பாராட்டவில்லை, வேண்டுமென்றேதான்.

'ஒள்வாள்' அக்டோபருக்குள் பெரும்பாலும் நின்றது. முற்றிலும் நின்றது என்று சொல்ல முடியாது. டிசம்பரில்கூட ஒருவன் சொல்லக் கேட்டேன். அப்போது அதட்டியது பின்வரிசை மாணவன்.

காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவன் இருந்த இடத்திலிருந்தே உட்கார்ந்தபடி செய்யுள் வாசித்தான். நவம்பரில் எழுந்து நின்று வாசித்தான். ஜனவரியில், இலக்கிய மன்ற நிறைவு நாளில், தானாக வந்து "மூணு நிமிஷம் மட்டும் பேசறேன் ஐயா, பேப்பர் வெச்சுக்கலாமா" என்று கேட்டான். சரி என்றேன். அவன் சொன்ன அவையடக்கம்: "வன்னி மரத்தின் கீழே நின்றுகொண்டிருக்கிறேன். மேலே ஏறும் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்." உத்தரனைப் பற்றித்தான் பேசினான். நடுவில் ஓர் இடத்தில் குரல் நின்றுவிட்டது. அவனுக்கு எடுத்துக் கொடுக்க உட்கார்ந்திருந்த மாணவி வரியைச் சொன்னாள், தொடர்ந்தான். ஒரு பக்கம் விட்டுப்போனது. முடித்ததும் நேராகத் தண்ணீர்க் குழாய்க்குப் போய் முகம் கழுவிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

பன்னிரண்டாம் வகுப்பில் மாவட்ட அளவிலான பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் ஐயா, எனக்கு எழுதறதுதான் பிடிக்குது" என்றான். கண்ணைப் பார்த்துச் சொன்னான். அந்த ஆண்டு கட்டுரைப் போட்டிக்கு மட்டும் போனான்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

ஒருவரை எழுப்பி உவமை விளக்கச் சொல்வதை, அதுவும் அச்சம் பற்றிய பாடத்தில், இனிச் செய்யமாட்டேன். ஆசிரியர் அறையில் வைத்து இப்படிப்பட்ட பேச்சை எடுக்கவும் மாட்டேன். அவன் தாயை நானே முதல் வாரத்தில் கூப்பிட்டுப் பேசியிருக்க வேண்டும். அவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்றைத் தாமதமாகத்தான் உணர்ந்தேன். ஆண்டு முழுக்க வகுப்பில் வாயே திறக்காத மாணவிகள் நான்கு பேர் இருந்தார்கள். அவர்களுடையது பயமாக இருக்கலாம் என்று எனக்கோ மற்றவர்களுக்கோ தோன்றவே இல்லை. 'அமைதியான பொண்ணு' என்று மதிப்பெண் ஏட்டில் பாராட்டாகவே எழுதியிருக்கிறேன். அச்சமும் நாணும் மடனும் முந்தி நிற்பது பெண்ணுக்கு உரியது என்று தொல்காப்பியக் களவியல் சொல்வதைப் பல ஆண்டு நடத்தியவன் நான். ஒரே நடுக்கம் பையனிடம் இருந்தால் கேலியாகிறது, பெண்ணிடம் இருந்தால் குணமாகிறது. இரண்டிலும் அந்தப் பிள்ளைக்கு உதவி வருவதில்லை. வீட்டுக்குள் அமைதியாக இருந்த கண்ணகி, பாண்டியன் அவையில் "தேரா மன்னா" என்று தொடங்கியதைப் பாடமாக நடத்தும்போதுகூட, அந்த நான்கு பேர் பக்கம் என் பார்வை போகவில்லை. அவர்களில் ஒருத்தி எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு வந்ததும், ஜனவரியில் அவனுக்கு வரியைச் சொன்னதும் நான் திட்டமிட்டு நடந்ததல்ல. குழுக்களை முதல் மாதத்திலேயே பிரித்து, பேசாத எல்லோருக்கும் ஒரு வேலை இருக்கிறதா என்று பார்ப்பதை இந்த ஆண்டு தொடங்கியிருக்கிறேன்.

அவையஞ்சாமை அதிகாரத்தை இந்த ஆண்டும் நடத்தப் போகிறேன், 723இலிருந்து தொடங்கி. போன மாதம் மாற்றுச் சான்றிதழ் வாங்க அவன் பள்ளிக்கு வந்தபோது இதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுக்கும் முன்னாடி, இது அமைச்சருக்குச் சொன்னதுன்னு சொல்லிடுங்க ஐயா" என்றான்.